முதல் ரோடு பைக்: ஏற்றத்தை மனதில் வைத்துக் கியர் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கேள்வியோடு வந்தான். "அண்ணா, 16 கியர் சைக்கிள் ஒண்ணு, 22 கியர் வண்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை, 22 கியரே வாங்கிடலாமா?"

"எங்கே ஓட்டப் போறே?" என்று கேட்டேன்.

"வார நாள்ல வேளச்சேரியைச் சுத்தி. ஞாயித்துக்கிழமை ஈசிஆர். அப்புறம் என்னைக்காவது ஒருநாள் ஏலகிரி ஏறணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனுக்கான கியரை முடிவு செய்கிறது. 16ஆ 22ஆ என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. நல்ல சின்னக் கியர், அதாவது இலகுவாக மிதிக்கக்கூடிய கியர், உள்ள 16 கியர் வண்டி ஒருவரை மலை உச்சிக்குக் கொண்டுபோய்விடும். 22 கியர் இருந்தும் அவற்றில் ஒன்றுகூடப் போதுமான அளவு இலகுவாக இல்லாவிட்டால், நாலாவது வளைவிலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான். அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

1. எந்த மலை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

அடுத்த இரண்டு வருடங்களில் நீங்கள் ஏற ஆசைப்படும் மிகக் கடினமான பாதை எது? அதை ஒரு தாளில் எழுதுங்கள். சென்னைக்காரருக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளாக இருக்கலாம். சேலத்துக்காரருக்கு ஏற்காட்டின் 20 வளைவுகள். கோயம்புத்தூர் பக்கம் என்றால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், அல்லது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. நாமக்கல்லில் இருந்தால் 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலை. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. மலைக்குப் போகும் எண்ணமும் இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

கூடவே உங்கள் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி, தண்ணீர் பாட்டில், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று கூட்டுங்கள். மலையில் நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறப்போவது அந்த மொத்த எடையைத்தான்.

2. கடைச் சீட்டில் உள்ள எண்களைப் படிக்கப் பழகுங்கள்

ரோடு பைக் விவரத்தில் "50/34, 11-28" என்ற மாதிரி ஏதாவது இருக்கும். முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரங்கள் செயின்ரிங். இந்த வண்டியில் பெரியதற்கு 50 பல், சின்னதற்கு 34 பல். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருப்பது கேசட். அதில் மிகச் சின்னதற்கு 11 பல், மிகப் பெரியதற்கு 28 பல்.

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். முன்னால் 50, பின்னால் 25 என்றால் 2. அதாவது பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். ரோடு பைக் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும் என்பதால், ஒரு மிதிச் சுற்றுக்கு 4.2 மீட்டர். இந்த ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முன்பக்க ஜோடிகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் மூன்று. 53/39 என்பது ஸ்டாண்டர்டு, பந்தயக்காரர்களுக்கானது. 52/36 செமி-காம்பாக்ட். 50/34 காம்பாக்ட். இதைவிடச் சின்னதாக 46/30 மாதிரியான ஜோடிகளும் வருகின்றன, பெரும்பாலும் மண்பாதைக்கும் ஏற்ற கிராவல் வண்டிகளில். புதிதாக வாங்குபவர் காம்பாக்டிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் போதும்.

3. மிகச் சின்னக் கியரை முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே மிதி போய்விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மூட்டு வாங்கும் அழுத்தம் மிக அதிகமாகிவிடும். இரண்டு நிமிடம் என்றால் தாங்கலாம். ஒன்றரை மணி நேரம் தாங்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் மலையில், என் எடையில், 60 சுற்றை விடாமல் மிதிக்க எந்தக் கியர் வேண்டும்?

தம்பிக்கு 68 கிலோ, வண்டியோடு 80 கிலோ. ஏற்றம் 7% என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 மீட்டர் போவதற்குள் 7 மீட்டர் உயர்வது. 60 சுற்றில் ஒவ்வொரு கியரும் கால்களிடம் எவ்வளவு சக்தி கேட்கிறது என்று பார்த்தோம். இந்தப் பட்டியலில் முதல் எண் முன் பல், இரண்டாவது பின் பல்.

39/25: வேகம் மணிக்கு 11.8 கி.மீ., தேவை சுமார் 205 வாட்
34/25: 10.3 கி.மீ., சுமார் 180 வாட்
34/28: 9.2 கி.மீ., சுமார் 160 வாட்
34/32: 8 கி.மீ., சுமார் 140 வாட்
34/34: 7.6 கி.மீ., சுமார் 130 வாட்
30/34: 6.7 கி.மீ., சுமார் 115 வாட்

உடல்நிலை நன்றாக உள்ள, ஆனால் சைக்கிளுக்குப் புதியவரான ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் கொடுக்கக்கூடியது கிலோவுக்கு 2 வாட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கு அது 136 வாட். பட்டியலில் அவனுடைய இடம் 34/32க்கும் 34/34க்கும் நடுவில் இருக்கிறது. 34/28 உள்ள வண்டியை வாங்கினால் மலை முழுக்கத் தன் சக்திக்கு மேல் மிதிக்க வேண்டியிருக்கும், அல்லது மிதி 50 சுற்றுக்கு இறங்கும்.

உங்கள் எடை 85 கிலோ என்றால் அதே கியரில் தேவையும் ஏறும், ஆனால் உங்கள் கால் பலமும் அதே அளவு கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் ஒரு படி இலகுவாகவே எடுங்கள். வயது 45ஐத் தாண்டியவர்கள், முன்பே முட்டி வலி உள்ளவர்கள், பை கட்டிக்கொண்டு பயணம் போகிறவர்கள் எல்லோருக்கும் இதுவே என் யோசனை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் முதல் வண்டியில் 50/34, 11-25. கடையில், "இதுவே தாராளம் சார், மலைக்கெல்லாம் போகலாம்" என்றார்கள். நானும் பல்லை எண்ணிப் பார்க்கவில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பாதி மலையில் என் மிதி நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு வந்துவிட்டது. வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்கூட இல்லை. கியர் மாற்றும் லீவரைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அதற்கு மேல் கியர் இல்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன், ஆனால் வலது முட்டி மூன்று வாரம் மாடிப்படி ஏறவிடவில்லை. பிறகு 11-32 கேசட் போட்டுக்கொண்டு அதே பாதையில் போனபோது, அதே கால்கள், அதே மலை, வழியில் காப்பித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே ஏற முடிந்தது.

இலகுவான கியர் எடுப்பது பலவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றும் டீரெய்லருக்கே அனுமதி இல்லை. அதற்கு முன்பு மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் உள்ள வேறு பல்லில் செயினைப் போட்டு ஏறினார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று பந்தய வீரர்களே செங்குத்தான மலைகளுக்குப் பெரிய கேசட் மாட்டிக்கொண்டு போகிறார்கள். நமக்கு என்ன தயக்கம்?

இலகுவுக்கும் ஒரு எல்லை உண்டு. விகிதம் 0.8க்குக் கீழே போனால் 60 சுற்றில் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் வண்டி ஆடத் தொடங்கும், பின்னால் பஸ் வரும் மலைப்பாதையில் அது நல்லதல்ல. மூட்டை முடிச்சு இல்லாத ரோடு பைக்குக்கு 0.9இலிருந்து 1.1 வரை சரியான இடம்.

4. பெரிய கியரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்

50/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51.5 கிலோமீட்டர் வேகம் வரும். 53/11 என்றால் 54.6. புதியவர் அந்த வேகத்தைத் தொடுவது இறக்கத்தில் மட்டுமே, இறக்கத்தில் மிதிக்கத் தேவையே இல்லை. "50 பல் பத்தாது, 53 வேணும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

5. இடைவெளியைப் பாருங்கள்

இங்கேதான் கியர்களின் எண்ணிக்கைக்கு வேலை வருகிறது. முன்னால் 2, பின்னால் 8 பல்சக்கரம் என்றால் 16 கியர், அதை 8 ஸ்பீடு என்பார்கள்; பின்னால் 11 என்றால் 22 கியர், 11 ஸ்பீடு. பின்னால் 8 பல்சக்கரம் உள்ள வண்டியில் 11இலிருந்து 32 வரை நீட்ட வேண்டுமானால் தாவல் பெரிதாகும். வழக்கமான 8 ஸ்பீடு 11-32 கேசட்டில் வரிசை 11, 13, 15, 18, 21, 24, 28, 32. ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு 11-32 கேசட்டில் 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32.

வித்தியாசம் காலுக்கு எப்படித் தெரியும்? ஈசிஆரில் 50 பல்லில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 8 ஸ்பீடில், 15 பல் சக்கரத்தில் மிதி 71 சுற்று. கடல் பக்கமிருந்து காற்று எதிர்த்து அடிக்கிறது, கொஞ்சம் இலகுவாக்க வேண்டும். அடுத்தது 18, மிதி சட்டென்று 86 சுற்றுக்கு ஓடுகிறது. ஒன்று கனமாக இருக்கிறது, அடுத்தது காலைச் சுழற்ற வைக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. 11 ஸ்பீடில் 16 இருக்கிறது, 76 சுற்றில் நிம்மதியாகப் போகலாம்.

இது அசௌகரியம்தான், ஆனால் கொஞ்ச நாளில் பழகிவிடும். மலையில் கியர் தீர்ந்துபோவது அப்படிப் பழகும் விஷயம் அல்ல. காசு இருந்தால் 10 அல்லது 11 ஸ்பீடு எடுங்கள், இரண்டும் கிடைக்கும். இல்லை என்றால் 8 ஸ்பீடிலேயே பெரிய கேசட்டை எடுங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு என் ஆலோசனை நேர்மாறானது: 11-28 கேசட்டே போதும், பற்கள் நெருக்கமாக இருப்பது எதிர்க்காற்றில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயன்படும்.

முன்னால் ஒரே ஒரு செயின்ரிங் உள்ள வண்டிகளும் இப்போது வருகின்றன. முன்னால் 40, பின்னால் 11-42 என்றால் சின்னக் கியர் 0.95, மலைக்குத் தாராளம். பெரிய கியரில் 90 சுற்றுக்கு 41 கிலோமீட்டர். குழுவோடு வேகமாக ஓட்டாதவருக்கு இது எளிமையான, நல்ல ஏற்பாடு.

6. பின் டீரெய்லர் தாங்குமா என்று கேளுங்கள்

செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும், தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் கை போன்ற பாகம் பின் டீரெய்லர். எல்லா டீரெய்லரும் எல்லாக் கேசட்டையும் ஏற்காது. நான் 11-32 மாட்டப் போனபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. என் வண்டியில் இருந்தது குட்டைக் கை வகை. கேசட்டோடு டீரெய்லரையும் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று, செலவு மூன்று மடங்கு ஆனது. வாங்கும்போதே கேட்டிருந்தால் கேசட்டுக்கான வித்தியாசத் தொகையோடு முடிந்திருக்கும்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அது ஏற்கும் மிகப் பெரிய பல். ஷிமானோவில் குட்டைக் கைக்கு எஸ்எஸ் என்றும் நீளக் கைக்கு ஜிஎஸ் என்றும் குறி இருக்கும். எடுத்துக்காட்டாக 11 ஸ்பீடு 105 வரிசையான ஆர்7000இல் எஸ்எஸ் 30 பல் வரைதான் ஏற்கும், ஜிஎஸ் 34 வரை ஏற்கும். இரண்டு, மொத்தக் கொள்ளளவு. முன்னால் உள்ள வித்தியாசத்தையும் பின்னால் உள்ள வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 50/34, 11-34 என்றால் 16 கூட்டல் 23, மொத்தம் 39. டீரெய்லரின் கொள்ளளவு அதற்குக் குறையக் கூடாது.

கேசட்டின் ஸ்பீடு எண்ணிக்கையும் கைப்பிடியில் உள்ள கியர் மாற்றும் லீவரான ஷிஃப்டரின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு 11 ஸ்பீடு கேசட் வேலை செய்யாது. விலை குறைந்த சில வண்டிகளில் கேசட்டுக்குப் பதிலாகத் திருகி மாட்டும் 14-28 ஃப்ரீவீல் இருக்கும். அதில் பின்னால் மாற்றம் செய்ய வழிகள் குறைவு, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பந்தயத்தில் ஓடிய வண்டிகள் 53/39 செயின்ரிங்கோடு நல்ல விலைக்கு வரும். பெடலையும் செயின்ரிங்கையும் தாங்கும் பாகம் கிராங்க்; ஐந்து கை உள்ள பழைய ஸ்டாண்டர்டு கிராங்கில் செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால், 38 பல்லுக்குக் கீழே செயின்ரிங் மாட்டவே முடியாது. 34 வேண்டுமானால் கிராங்கையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

7. கடையில் செய்ய வேண்டியவை

விவரச் சீட்டை மட்டும் நம்பாமல் பல்லை எண்ணுங்கள். பெரும்பாலான செயின்ரிங்கிலும் பின் பல்சக்கரத்திலும் எண் பொறித்திருக்கும். தெரியாவிட்டால் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து எண்ணினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேசட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க இதுதான் நேரம். புது வண்டியில் ஓடாத கேசட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார், வித்தியாசத்தை மட்டும் வாங்குவார். ஆறு மாதம் ஓட்டிய பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள்.

பெரிய கேசட்டுக்கு மாற்றினால் செயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றியபடி மெதுவாக முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்ற ஜோடிக்கு மாற்றச் சொல்லுங்கள். டீரெய்லர் அளவுக்கு மீறி இழுபட்டால் செயின் குட்டை. ஓட்டும்போது அந்த ஜோடியைப் பயன்படுத்தக் கூடாதுதான், ஆனால் களைப்பில் ஒருநாள் கை தவறிப் போட்டுவிடுவோம். செயின் குட்டையாக இருந்தால் டீரெய்லர் உடையும்.

8. முதல் மலைக்குப் போகும் முன்

ஏற்றம் தொடங்கிக் கால் திணறிய பிறகு முன் செயின்ரிங்கை மாற்றினால் செயின் கழன்று விழ வாய்ப்பு உண்டு. ஏற்றம் கண்ணில் பட்டதுமே, மிதி சுலபமாக இருக்கும்போதே, முன்னால் சின்னதுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் அந்த ஒரு நொடி காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள்.

கடைசி ஒரு கியரைக் கையிருப்பாக வைத்திருங்கள். முதல் அரை மணி நேரம் அது இல்லாமலே ஏறப் பாருங்கள். அந்தக் கியர் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பே பெரிய தெம்பு.

அப்புறம், கொண்டை ஊசி வளைவுகள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடதுபுறம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும், அங்கேதான் சாலை மிகச் செங்குத்தாக இருக்கும். ஆகவே அந்த வளைவுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் இலகுவாக்குங்கள். வலதுபுறம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், சரிவு குறையும். மூச்சு வாங்கவும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அதுதான் இடம்.

தம்பி கடைசியில் 16 கியர் வண்டியையே எடுத்தான், 50/34இல் 11-32 கேசட் போட்டு. மிச்சப்பட்ட காசில் நல்ல ஹெல்மெட்டும், முன்னும் பின்னும் விளக்கும் வாங்கினான். சென்ற வாரம் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து ஏலகிரிக்குப் போனான். எட்டாவது வளைவில் நின்றபடி போன் செய்தான். "அண்ணா, இன்னும் ஒரு கியர் மிச்சம் இருக்கு."

"சரி, பேசி நிக்காதே, உடம்பு ஆறிடும். ஏறு," என்றேன்.